வெற்றிலை மையில் தெரிந்த முகம்

பழைய சாமான்களைத் தேடிப் பிடித்து வீட்டில் வேறு வேலைக்கு வைப்பது என் பேத்தியின் பழக்கம். கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியில் கற்றாழை வளர்க்கிறாள். சென்ற வாரம் பள்ளிப்பட்டில் என் அக்கா வீட்டுப் பரணிலிருந்து ஒரு பித்தளைக் கூஜாவைக் கொண்டுவந்து, உள்ளே பல்பு வைத்துக் கூடத்தில் தொங்கவிட்டாள். கூஜாவின் உடம்பெல்லாம் ஆணியால் போட்ட ஓட்டைகள். சுவர் முழுவதும் புள்ளி புள்ளியாக வெளிச்சம். எல்லாரும் அழகு என்றார்கள். நான் மட்டும் கண் கூசுகிறது என்று சொல்லி எழுந்து போனேன். அந்தக் கூஜாவைப் பற்றி நான் சொன்ன முதல் பொய் அல்ல அது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திருத்தணி மலையடியில் எங்கள் வீடு. அப்பா இறந்த பிறகு, துணைக்கு இருக்கட்டும் என்று அக்காவையும் அவள் கணவரையும் அம்மா எங்களோடு வைத்துக்கொண்டாள். அவரை நான் பாவா என்பேன். பாவாவுக்கும் இந்தப் பைத்தியம் இருந்தது. யார் வீட்டில் எதைக் கழித்துப் போட்டாலும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். தறியில் ஓடி உடைந்த நாடாக்கட்டை சட்டை மாட்டும் கொக்கியாகும். ஓட்டைத் தவலையில் இன்னும் பல ஓட்டைகள் போட்டு விளக்குக் கூண்டாக்குவார்.

“இன்னா மாப்ளே, வீடா இது, காயலாங்கடையா?” என்பாள் அம்மா.

“காயலாங்கடைல எவன் அத்தே எனக்கு ரெண்டாவது தபா கொழம்பு ஊத்துவான்?”

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஊற்றுவாள்.

அப்பா வெளியூர் போகும்போது தண்ணீர் கொண்டுபோன கூஜா, அவர் துண்டில் சுற்றி டிரங்குப் பெட்டியில் இருந்தது. பாவாவைப் போல நானும் ஒரு விளக்குச் செய்து அவரிடம் காட்ட வேண்டும் என்று ஒரு மத்தியானம் அதை எடுத்தேன். ஆணியை வைத்துக் கல்லால் அடித்தேன். ஐந்தாறு ஓட்டைகள் விழுந்தன. அடுத்த அடியில் கல் சறுக்கி முதலில் என் கட்டைவிரலிலும் பிறகு கூஜாவின் வயிற்றிலும் இறங்கியது. பித்தளை நசுங்கி ஒரு விரல் நீளத்துக்கு வெடித்தது. கைக்கு எட்டிய இடம் பாவாவின் சாமான் குவியல்தான். அதன் அடியில் செருகிவிட்டு ஓடினேன்.

அப்பாவின் முதலாண்டுப் படையல் நெருங்கியபோது அம்மா பெட்டியைத் திறந்தாள். துண்டு மட்டும் இருந்தது. அந்தக் கூஜாவில் தண்ணீர் வைக்காவிட்டால் அப்பா தாகத்தோடு திரும்பிப் போவார் என்று அழுதாள். மாப்பிள்ளையின் குவியலில் மட்டும் கைவைக்காமல் வீடெல்லாம் இரண்டு நாள் தேடிவிட்டு, ஆந்திரப் பக்கத்திலிருந்து மை போட்டுப் பார்ப்பவரை வரவழைத்தாள். வெற்றிலையில் தடவிய மையில் எடுத்தவரின் முகம் தெரியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பெரியவர்கள் கண்ணுக்கு அது தெரியாது.

“கள்ளங்கபடு இல்லாத கண்ணு வோணும்மா. சின்னப் புள்ள யாரு கீறாங்க?” என்றார் அவர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

குளிப்பாட்டி, ஈரத்துணியோடு உட்கார வைத்தார்கள். விளக்கெண்ணெயில் குழைத்த மை கறுப்பாக மினுங்கியது. முதலில் ஆஞ்சநேயர் வந்து இடத்தைப் பெருக்குவார், பிறகு எடுத்தவர் வந்து உட்காருவார் என்றார். குனிந்தேன். யாரும் பெருக்கவில்லை. என் முகம்தான் இருந்தது. நான் அசைந்தால் அதுவும் அசைந்தது. மூத்திரம் வந்துவிடும் போலிருந்தது. பின்னால் நிற்பவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று வெற்றிலைமேல் இன்னும் கவிழ்ந்தேன்.

“வந்துட்டாங்க போல. சொல்லு நைனா, யாரு?”

நிமிர்ந்தேன். எதிரே கதவு நிலையில் சாய்ந்திருந்த பாவா, பயப்படாதே என்பதுபோல் தலையை ஆட்டினார்.

“பாவா,” என்றேன்.

“இன்னாடா ஒளர்ற?” என்று அக்கா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. நேரே போய்க் குவியலைக் கலைத்தாள். கூஜாவோடு திரும்பி வந்தாள்.

பாவா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். வெடிப்பைத் தடவினார். பிறகு என் கட்டைவிரலைப் பார்த்தார். நகம் கறுத்திருந்தது. சொல்லிவிடப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“ஆங் அத்தே. நான்தான். உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டு எட்த்திருக்கணும்.”

“அத்த எட்த்துகினே போய்டுங்க மாப்ளே. இனிமே என் கண்ணுல காட்டாதீங்க,” என்றாள் அம்மா.

படையலுக்குக்கூட நிற்காமல் அக்காவும் அவரும் பள்ளிப்பட்டுக்குப் போனார்கள். அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோதும் அம்மா அந்த வாசலை மிதிக்கவில்லை. சாகும்வரை மிதிக்கவில்லை. நான் படித்தேன், வேலைக்குப் போனேன். எங்கே பார்த்தாலும் பாவா “வா மச்சான்” என்றுதான் கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட நினைத்தேன், ஒவ்வொரு தடவையும் பயந்தேன். அவரும் போய்விட்டார்.

நேற்று பேத்தி விளக்கை இறக்கித் துடைத்தபோது வாங்கிப் பார்த்தேன். வெடித்த இடத்தை ஈயம் பற்றவைத்து அடைத்திருக்கிறார். வரிசை வரிசையாகப் புதிய ஓட்டைகள் அடித்திருக்கிறார். நடுவே என்னுடைய கோணல் ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன.

மை என்னைக் கண்டுபிடித்துவிட்டது என்றே வெகுகாலம் நம்பியிருந்தேன். மினுங்கும் கறுப்பில் எந்தப் பிள்ளை குனிந்தாலும் தன் முகம்தான் தெரியும் என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. எடுக்காத பிள்ளையாக இருந்தால், ‘என் மூஞ்சிதான் தெரியுது’ என்று சொல்லியிருப்பான். நான் வாயைத் திறந்தபோதே, நிலையில் சாய்ந்து நின்றவருக்கு, எடுத்தவன் நான்தான் என்று புரிந்திருக்கும்.