அலைக்கு மேற்கே, ஷெல்லுக்குக் கிழக்கே

வாவியில் பாதை தள்ளுகிற கோணாமலையை ஊரின் அனர்த்தக் குழுவுக்குத் தலைவராக்கினார்கள் என்றால், அதற்கு அவருடைய அறிவோ அழகோ காரணமல்ல. ஒரே நேரத்தில் ஐம்பது பேரை ஏற்றக்கூடிய ஒரேயொரு பொருள் அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான். பாதை என்று மட்டக்களப்பார் இங்கே சொல்வது தெருவை அல்ல. தோணிகளைச் சேர்த்து மேலே பலகை அடித்து, ஆளும் மாடும் சைக்கிளும் நெல்மூட்டையும் ஏற்றிக்கொண்டு கோல் ஊன்றிக் கரைக்குக் கரை போகிற மிதவையை.

களுவாஞ்சிக்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கிற ஊர். சூரியன் எழும்பும் இந்தப் பக்கம் எழுவான்கரை; அரசாங்கத்தின் கையில். சூரியன் படும் அந்தப் பக்கம் படுவான்கரை, இயக்கத்தின் கையில். இரண்டு கரையிலும் அடையாள அட்டையை நீட்டி நீட்டி அவருடைய அட்டையில் முகம் அழிந்துபோயிருந்தது. எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரை போனது. தொண்ணூறில் வீடு எரிந்தது. மறுபடி கட்டின வீட்டை இரண்டாயிரத்து நாலில் கடல் கொண்டுபோனது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். இந்த மனிதனுக்கு எத்தனை பக்கம் என்று எண்ணவே முடியாது.

ஆனால் அவர் மனதை அரித்துக்கொண்டிருந்தது வீடல்ல, மனைவி சின்னத்தங்கத்தின் தங்கை இலட்சுமிப்பிள்ளை. கடல் இரைந்துகொண்டு வந்த அன்று எல்லாரும் ஓடினார்கள். அவளும் ஓடினாள், பங்கருக்குள்! சண்டைக் காலத்தில் வளவுக்குப் பின்னால் வெட்டி, மூடாமல் விட்ட குழி. பெரிய சத்தம் கேட்டால் குழிக்குள் இறங்கு என்று பதினைந்து வருடம் பழகின கால்; அது அவளைக் கேட்காமலே இறங்கிவிட்டது. தண்ணீர் வடிந்தபிறகு கோணாமலைதான் அவளைத் தூக்கி எடுத்தார். “ஓடு எண்டு ஒரு ஆள் சொன்னா ஓடியிருப்பாளே” என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆகவே பட்டணத்திலிருந்து றீற்றா என்ற பிள்ளை, தொண்டு நிறுவனத்தின் ஜீப்பில் வந்து, பாடசாலை மண்டபத்தில் பிறிஸ்டல் போட் அட்டையை விரித்தபோது, முன்வரிசையில் குந்தியிருந்தவர் கோணாமலைதான். ஊர் வரைபடம். கடல் நீலம், வாவி நீலம், நடுவில் ஊர் ஒரு பச்சைக் கோடு. பச்சையிலிருந்து மேற்கே பார்த்துப் பெரிய சிவப்பு அம்புக்குறிகள்.

திட்டம் இதுதான். கண்ணகை அம்மன் கோயில் மணி விடாமல் அடித்தால் அலை. பாதை எங்கே நின்றாலும் உடனே எழுவான்கரைக்கு வரவேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகளையும் சிறுபிள்ளைகளையும் முதலில் ஏற்றிப் படுவான்கரையில் இறக்கவேண்டும். அங்கே மேட்டுநிலம். கோணாமலைக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. இலட்சுமிப்பிள்ளைக்குக் கிடைக்காத ‘ஓடு’ என்ற சத்தம் இனி எல்லாருக்கும் கிடைக்கப்போகிறது.

அவரோடு கோல் ஊன்றும் அருளப்பு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா?

“தங்கச்சி, ஒரு கேள்வி. ஷெல் அடிச்சா எந்தப் பக்கம் ஓடுற?”

றீற்றா கையிலிருந்த மைப்பேனையை மூடித் திறந்தாள். “அது எங்கட திட்டத்துக்குள்ள வராது அண்ணன். இது இயற்கை அனர்த்தத்துக்கு மட்டுந்தான்.”

“அப்ப அது ஆருட திட்டம்?”

மண்டபம் சிரித்தது. “சண்டைதான் நிண்டிட்டே, இருடா பேசாம” என்று கோணாமலையே அவனை அமர்த்தினார். அப்போது நின்றுதான் இருந்தது. ஒத்திகைக்கும் குறைவில்லை. மணி அடித்தது, பாதை வந்தது, பிள்ளைகள் கும்மாளமாக ஏறினார்கள், அக்கரையில் தின்னப் பணிஸும் குடிக்கப் பிளேன்ரீயும் கொடுத்தார்கள். குழுவின் செம்மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு நின்ற கோணாமலையைப் பார்த்து, “மாப்பிள்ளை மாதிரி நிக்கிறார்” என்று சின்னத்தங்கம் எல்லாருக்கும் காட்டினாள்.

இரண்டாயிரத்து ஏழு பங்குனியில் சண்டை திரும்பி வந்தது. அதற்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

கோணாமலையின் ஒரே மகள் மங்கையற்கரசி படுவான்கரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் கட்டார் நாட்டில். வயிற்றில் எட்டு மாதப் பிள்ளை. “இஞ்ச வந்து இரு மகள்” என்று தாய் கெஞ்சாத நாளில்லை. “வட்டையில வெட்டு முடியட்டும்மா, நெல்ல விட்டிட்டு எப்பிடி வாற?” என்பாள். மூன்று ஏக்கர் வயலைக் காக்க ஒருத்தி! பிடிவாதத்தில் அப்பனை உரித்து வைத்தவள்.

அன்று விடிந்ததிலிருந்து அக்கரையில் ஷெல் இடி. அந்தக் கரைத் துறைக்கு ஆட்கள் மூட்டை முடிச்சோடு வந்து குவிந்தார்கள். கோணாமலையும் அருளப்பும் இரண்டு தரம் ஏற்றி இறக்கிவிட்டார்கள். இரண்டிலும் மங்கையற்கரசி இல்லை. “பின்னால வாறா, நடக்க ஏலாம வாறா” என்று கண்டவர்கள் சொன்னார்கள். மூன்றாம் தரம் வெறும் பாதையைத் தள்ளிக்கொண்டு நடுவாவிக்கு வந்தபோது, முதுகுக்குப் பின்னால் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

விடாமல் அடித்தது.

கோணாமலையின் கோல் சேற்றிலேயே நின்றுவிட்டது. “என்னடா இது?”

“மணி அண்ணே. அலை மணி.”

“அலையா? இப்பவா?”

“எனக்கென்ன தெரியும்? நீங்கதானே தலைவர்!”

அவர் தண்ணீரைப் பார்த்தார். கூடுகிறதா, வற்றுகிறதா? பார்க்கப் பார்க்க இரண்டும் போலத் தெரிந்தது. மேற்கே பார்த்தார், கரையில் ஆட்கள் சீலைத்துணியை வீசி வீசிக் கூப்பிடுகிறார்கள், அதில் மகள் எது என்று தெரியவில்லை. கிழக்கே பார்த்தார்; தென்னைக்கு மேலே வானம் வெளிறிக் கிடந்தது. அலை வருகிற வானம் எப்படி இருக்கும்? அன்றைக்கும் இப்படித்தானே நல்ல பிள்ளை மாதிரி இருந்தது! மகளை எடுக்கப் போனால் ஊரே இலட்சுமிப்பிள்ளையாகிவிடும். ஊருக்குத் திரும்பினால் மகள்… அந்த நேரத்தில் யோசிக்க முடிந்தவன் எவனாவது இருந்தால் வந்து என்னிடம் சொல்லட்டும்.

“கிறுக்கடா பாதைய, ஊருக்குத் திருப்பு” என்றார். சொல்லும்போதே குரல் அழுதது.

எழுவான்கரையில் ஊர் முழுக்கத் துறைக்கு வந்திருந்தது. ஒத்திகையில் பழகினபடியே பிள்ளைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் முன்னால் நின்றார்கள். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

“கடலக் கண்டது ஆரு?” என்று கத்தினார் கோணாமலை.

ஒருவரும் காணவில்லை. கடற்கரையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்களாம். அதைக் கண்டு மணிக்குப் பொறுப்பான சாமித்தம்பி கயிற்றைப் பிடித்தாராம். அவர்கள் ஏன் ஓடி வந்தார்கள் என்று கேட்க ஒருவரும் நிற்கவில்லை. “கேட்டுக்கொண்டு நிண்டுதானே அண்டைக்குச் செத்த” என்றாள் ஒருத்தி. அதுவும் சரிதானே! சின்னத்தங்கம் ஏறிவந்து அவர் கையைப் பிடித்தாள்.

“மகள் எங்க?”

“அங்காலதான்.”

“அப்ப கெதியாப் போங்க!”

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் அக்கரைப் பனங்கூடலுக்குப் பின்னால் ஒரு ஷெல் விழுந்து புகை கிளம்பியது. பலகையில் இருந்த பிள்ளைகள் அலறின. “எங்கள எங்க கொண்டு போறாய்?” என்று ஒரு தாய் கோணாமலையின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவரிடம் இருந்த ஒரே பதிலைச் சொன்னார். “திட்டத்தில உள்ள இடத்துக்கு.”

படுவான்கரையைத் தொட்டதும் நடந்ததைக் கண்கொண்டு பார்க்க முடியாது. பாதையில் இருந்த ஒருவரும் இறங்கவில்லை. கரையில் நின்ற அத்தனை பேரும் ஏறப் பாய்ந்தார்கள்.

“அங்கால போகாதீங்க, கடல் வருது!”

“இஞ்சால வராதீங்க, ஷெல் வருது!”

இரண்டு சனமும் ஒன்றையொன்று பார்த்து ஒரே பாஷையில் கத்திக்கொண்டு நின்றது. நடுவில் பலகை தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்ந்தது. இடுப்பளவு தண்ணீரில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு நின்றாள் மங்கையற்கரசி.

“அப்பா!”

“அண்ணே, இனி ஒரு ஆள் ஏறினாலும் தாழும்” என்றான் அருளப்பு.

கோணாமலை கோலைப் பலகையில் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தார். மகளைத் தோளால் முட்டுக்கொடுத்து ஏற்றினார். மேலேயிருந்து சின்னத்தங்கம் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். தான் நின்ற இடத்தைத்தான் அவர் மகளுக்குக் கொடுத்தார். வேறு இடம் இருக்கவில்லை.

“நீங்க ஏறல்லயா அப்பா?”

“நான் மறுகா வாறன், அடுத்த தரம். தள்ளு அருளப்பு.”

“எந்தப் பக்கம் அண்ணே?”

கோணாமலை வாயைத் திறந்தார். ஊருக்கே மேற்கு மேற்கு என்று சொல்லிக்கொடுத்த வாய். “கரையில விடாத. நடுவில போய் நில்லு. மறுகா பாப்பம்” என்றார்.

பாதை நடுவாவிக்குப் போய் நின்றது. கடல் அன்று வரவில்லை. அது உங்களுக்கும் எனக்கும் இன்று தெரியும். இடுப்பளவு தண்ணீரில் நின்ற அந்த மனிதனுக்கு எப்படித் தெரியும்? மணி இன்னும் அடித்தது. முதுகுக்குப் பின்னால் இடி கிட்டக் கிட்ட வந்தது. அங்கே பலகையில் அருளப்பு கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இவரையே பார்த்து நின்றான். பக்கத்தில் மகள் எழும்பி உட்கார்ந்து இவரையே பார்த்தாள். ஒரு கை காட்டினால் போதும். வா என்று காட்டினாலும் பிழை, போ என்று காட்டினாலும் பிழை என்று கோணாமலை இரண்டு கையையும் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு நின்றார்.