வழியில நின்ன லாரி

இன்னிக்கு வேலூர் பஸ்ல பக்கத்து சீட்டுப் பொண்ணு லாஜிஸ்டிக்ஸ் படிக்கிறாளாம். "சரக்கு வண்டி வழியில தேவையில்லாம நிக்கவே கூடாது, ஆன்ட்டி."

எண்பதுகள்ல நான் ஆம்பூர் ஷூ கம்பெனி டெஸ்பாட்ச் கிளார்க். ஒருநாள் மெட்ராஸ் துறைமுகத்துக்கு லாரி கிளம்பிடுச்சு. கஸ்டம்ஸ் பேப்பர் என் மேசையிலயே கிடக்குது! அது இல்லாம சரக்கு கப்பல் ஏறாது. பேப்பரோட பஸ் பிடிச்சு ஓடினேன்.

விரிஞ்சிபுரத்துல ரோட்டோரமா நம்ம லாரி! டிரைவர் வேலு அண்ணன் வழக்கம்போல கோயில்ல கற்பூரம் ஏத்திட்டு வர்றாரு.

"திட்டாதம்மா, அஞ்சே நிமிஷம்தான்."

ஒவ்வொரு லோடுக்கும் அதுக்காக அவரைத் திட்டுனவ நான்தான். அன்னிக்கு அப்பாடான்னு அழுதுட்டேன்.

அடுத்த லோடுலருந்து, ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போற நானே கற்பூரம் வாங்கிக் கொடுத்தனுப்புனேன்.

இதையெல்லாம் அந்த பஸ் பொண்ணு பரீட்சையில எழுதினா மார்க் போடுவாங்களா இன்னா?