அத்தான் சுவருக்குச் சொத்தை எடுத்த கதை

என் அக்காவின் கணவருக்குப் பல் மருத்துவமனையில் வேலை. அவர் மருத்துவர் அல்ல. மருத்துவர் கையை நீட்டும் முன்பே அதில் சரியான கருவியை வைப்பவர். இருபத்திரண்டு வருடமாக வைக்கிறார். இதுவரை ஒரு பல்லைக்கூடத் தொட்டதில்லை.

நான் ஜிப்சம் போர்டு அடித்துச் சுவரும் கூரையும் போடுபவன். இந்த வேலையை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்தும் கெடுத்துக் கெடுத்தும் கற்றுக்கொண்டது.

அவர்கள் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்த அன்று, கூடத்திலிருந்து சமையலறைக்குத் திரும்பும் சுவர் மூலையில் அது இடித்தது. முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் போர்டு பெயர்ந்துவிட்டது. அத்தான் கடையில் சுவர் ஓட்டை அடைக்கும் பட்டி மாவு வாங்கிவந்து, உதிர்ந்த தூளின் மேலேயே அப்பி, வெள்ளையடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“எந்த இடம்னு கண்டுபிடி மாப்ளே, பார்ப்போம்!” என்று சுவரைத் தட்டினார். பட்டி முழுசாகக் கழன்று அவர் கையிலேயே விழுந்தது.

“கண்டுபிடிச்சிட்டேன் அத்தான்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? “பல் ஆஸ்பத்திரியில இருந்துக்கிட்டு, சொத்தையை எடுக்காமலேயே அடைச்சிருக்கீங்களே!”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அத்தான் சிரிக்கவில்லை. கையிலிருந்த கட்டியை மெதுவாகத் தரையில் வைத்தார். “அடுத்த தடவை இது விழுந்தா நான் இந்த வேலையில இருந்ததுக்கே அர்த்தமில்ல” என்றார். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த ஞாயிறு காலை அக்காவின் போன். “டேய், உடனே வா. உங்க அத்தான் சுவருக்கு வைத்தியம் பார்க்கிறார். விடியும்போது ஓட்டை உள்ளங்கை அளவுதான் இருந்தது. இப்போ நான் அடுப்பு முன்னாடி நின்னே டிவி பார்க்கிறேன்.”

போனேன். அத்தான் நெற்றியில் விளக்கும் வாயில் முகக்கவசமுமாக மண்டியிட்டிருந்தார். பக்கத்தில் வெள்ளைத் துண்டு விரித்து, கத்தி, தூரிகை, உப்புத்தாள், இரும்பறுக்கும் வாள் எல்லாம் வரிசையாக வைத்திருந்தார். கையில் நுனி வளைந்த மெல்லிய ஊசி. பல்லில் சொத்தை தேடும் ஊசி.

பொய் சொல்லக் கூடாது, வேலை படுசுத்தம். போர்டின் மேல் ஒட்டிய காகிதம் எழும்பி நின்ற இடத்தில் அதைப் பிய்க்காமல், ஒட்டியிருக்கும் இடம்வரை கத்தியால் நறுக்கியிருந்தார். தூளைத் தூரிகையால் துடைத்திருந்தார். சுவர் விளிம்பைக் காக்கப் பதித்த மூலைத் தகடு நெளிந்திருந்த இடத்தை அறுத்து, முனை துருத்தாமல் ராவியிருந்தார். என் ஆட்களில் பாதிப் பேர் இவ்வளவு செய்ய மாட்டார்கள். ஒரே குறை, அவர் நிறுத்தவில்லை. ஊசியால் குத்துவார், தலையை ஆட்டுவார், இன்னும் கொஞ்சம் வெட்டுவார். வெட்டு அதற்குள் நெஞ்சு உயரத்துக்கு ஏறியிருந்தது.

“எதுவரைக்கும் அத்தான்?”

“நல்ல இடம் வர்ற வரைக்கும். இதோ பாரு, ஊசி இறங்குதா? இறங்குது. அப்போ சொத்தை.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

“எதிர்ச் சுவர்ல ஒரு குத்து குத்துங்க.”

குத்தினார். வெண்ணெயில் போவதுபோல் போனது. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் விரிந்தன.

“மாப்ளே... வீடு முழுக்கப் பரவிடுச்சா?”

“ஐயையோ, அவரைக் கூரை பக்கம் விடாதேடா!” என்று அக்கா கத்தினாள்.

“பரவல அத்தான். போர்டு பல்லு மாதிரி இல்ல. நல்ல போர்டுலயும் ஊசி இறங்கும். கட்டைவிரலால அழுத்துங்க. ஆடினாலோ நொறுங்கினாலோ எடுங்க. கெட்டியா நின்னா விட்டுடுங்க.”

அழுத்தினார். கெட்டி. வெட்டி வாளியில் போட்டிருந்த துண்டுகளை எடுத்து அழுத்தினார். முக்கால்வாசி கெட்டி. நல்ல பல்லைப் பிடுங்கியவர் முகம் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். நாக்கு நுனிவரை ஒரு கிண்டல் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

வண்டியிலிருந்து போர்டும் மூலைத் தகடும் எடுத்துவந்து பொருத்தினேன். அவர் வெட்டிய ஓரங்கள் அவ்வளவு நேர். போர்டு, டப்பாவுக்கு மூடி போல உட்கார்ந்தது. பட்டி குழைத்துவிட்டுக் கையை நீட்டப் போனேன். அதற்குள் பட்டி இழுக்கும் தகடு, சரியான அகலத்தில், என் உள்ளங்கையில் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அத்தான் வழக்கம்போல் ஓரமாக நின்றிருந்தார்.

தகட்டைத் திருப்பி அவர் கையில் வைத்தேன். “நீங்களே அடைங்க.”

“நானா?”

“பின்னே? சொத்தை எடுத்தது யாரு?”

நான் ஈரத்துணி பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அவர் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு மெல்லிசாக இழுத்தார். முடித்ததும் நிமிர்ந்து, அக்காவிடம் பழக்கதோஷத்தில் சொன்னார்: “இன்னைக்கு முழுக்க இந்தப் பக்கமா மெல்லக் கூடாது.”

அடுத்த இரண்டு பூச்சும் அவரேதான். போன மாதம் மெஷினைப் பழுது பார்க்க வெளியே எடுத்தவர்கள் அதே மூலையில் இடித்தார்கள். மெஷின் நசுங்கியது. மூலை அசையவில்லை.

எதிர்ச் சுவரில் அந்த ஊசித்துளை மட்டும் இன்னும் இருக்கிறது. அடைத்துவிடலாம் என்றால் அத்தான் விடுவதில்லை. வருகிறவர்களிடமெல்லாம் விரலால் காட்டுகிறார்: “இது மட்டும் என் மச்சான் சொல்லிப் போட்ட ஓட்டை.”