தரைப்பாலத்தில் போட்ட கல்

அந்த ஓவர்சியரின் முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆத்தூருக்குக் கிழக்கே, உப்பளத்தை ஒட்டி எங்கள் ஊர். ஊருக்கு ஒரே வழி, ஓடையின் குறுக்கே கிடக்கிற தரைப்பாலம். மழைக்கு மழை அறுத்துக்கொண்டு போகும். உயரமாக ஒரு பாலம் கேட்டு மனு எழுதியே கை ஓய்ந்தது.

போன வருஷம் பார்வையிட வந்தான். சாருடைய ஜீப் சேற்றில் மாட்டிவிடக் கூடாதே என்று முந்தின நாளே ஊர் கூடி, உடைகல்லும் மண் நிரப்பிய உப்புச் சாக்கும் போட்டு நிரவி வைத்தோம். யோசனை என்னுடையதுதான். ஜம்மென்று வந்தான், இளநீர் குடித்தான், ‘போக்குவரத்துக்கு ஏற்ற நிலையில் உள்ளது, நிதி தேவையில்லை’ என்று எழுதிவிட்டுப் போனான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டோம்.

இந்த வருஷ மழையிலும் பாலம் போனது. “ஒருத்தனும் ஒரு கல்லு போடக் கூடாதுலே! அவன் வந்து கண்ணால பாக்கட்டும்” என்று நானே மறித்து நின்றேன். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளுக்கு அப்போது ஒன்பதாம் மாதம்.

வந்தான். அக்கரையிலேயே ஜீப்பை நிறுத்திவிட்டுச் சேற்றைப் பார்த்தான்.

“ஏன் அண்ணாச்சி, நாலு கல்லு போட்டு வைக்கக் கூடாதா?”

“போட்டோம் சார். அதுமேல வந்துதான பாலம் வேண்டாம்னு எழுதுனிய?”

முகம் சுண்டிப்போனது. “பத்து நாள்ல பெரிய இன்ஜினியரைக் கூட்டிட்டு வரேன். அதுவரைக்கும் இப்படியே கிடக்கட்டும். அவர் பார்த்தாத்தான் பணம் வரும்” என்றான்.

நாலாம் நாள் காலையில் என் மனைவி கூடையை எடுத்தாள். “உங்க வீம்புக்கு எம்மவள அந்தச் சேத்துல கட்டிலோட தூக்கிட்டுப் போகணுமாக்கும்?” அவள் பின்னால் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கல் சுமந்தார்கள். நான் வாய் வலிக்கத் திட்டினேன். பிறகு வெட்கங்கெட்டுப்போய் மண்வெட்டியை எடுத்தேன்.

ஆறாம் நாள் வலி கண்டது. ஆம்புலன்ஸ் வாசலுக்கே வந்தது.

பத்தாம் நாள் பிள்ளையோடு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். எதிரே ஊருக்குள்ளிருந்து ஜீப் வந்தது. வழிவிடுவதற்காகப் பாலத்தருகே ஒதுங்கி, இறங்கி நின்றோம். பெரிய இன்ஜினியர் போனில் பேசிக்கொண்டே எங்கள் கல்லின் மேல் கடந்து போனார். ஓவர்சியர் மட்டும் தலையை வெளியே நீட்டினான்.

“இப்ப நல்லாத்தானே இருக்கு, அண்ணாச்சி!”

என் கையில் பேத்தி இருந்தாள். இல்லையென்றால், போட்ட கல்லில் ஒன்றை எடுத்திருப்பேன்.