கொலிகேட் என்றொரு வினைச்சொல்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மலாய் நாட்டில், எங்கள் ஊர் காஜா பெராங்கில் ஸ்டாண்டர்ட் செவன் வரை ஆங்கிலம் படித்த தமிழ்ப் பெண் வேறு யாரும் இல்லை என்பதை ஊரே அறியும். ஆனாலும் நான் சொல்லிக்கொள்வேன். ஜப்பான்காரன் காலத்தில் அந்தப் படிப்புதான் எனக்கு அரிசி அட்டை ஆபீசில் டைப் அடிக்கும் வேலையை வாங்கித் தந்தது. ஆங்கிலம் எதிரியின் மொழி, யாரும் பேசக் கூடாது என்று ஆபீஸ் சுவரில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். அந்த அறிவிப்பும் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

இனி ஆபீஸ் வேலைக்குப் போகப்போகிற பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. அகராதி

ஒருநாள் காலை தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி இரண்டு காகிதங்களை என் மேசையில் வைத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதே நாற்காலியில் இருப்பவர். ஒரு காகிதம், திங்கட்கிழமைக்கு இரண்டு லாரிகளுக்குப் பெட்ரோல் கேட்கும் குறிப்பு. அதை இரண்டு நிமிடத்தில் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டேன்.

மற்றது, தமிழில் எழுதி ஒட்ட வேண்டிய உத்தரவு. எங்கள் ஜப்பான் துரையின் மொழிபெயர்ப்பாளரிடம் தடித்த ஆங்கில அகராதி ஒன்று இருந்தது. சொல் கடினமாக இருந்தால்தான் உத்தரவுக்கு மரியாதை என்பது அவர் எண்ணம். ‘காஜா பெராங் தமிழ்க் குடும்பங்களைத் திங்கட்கிழமை காலை மரவாடி மைதானத்தில் கொலிகேட் செய்க. தலைவர்கள் அரிசி அட்டையுடன் வராவிட்டால் அட்டை ரத்து’ என்று எழுதியிருந்தார்.

“கொலிகேட்னா என்ன சார்?”

“எனக்குத் தெரிஞ்சால் உன்னட்டை ஏன் பிள்ளை வாறன்? துரையிட்டைப் போய்க் கேட்டால் கன்னம்தான் வீங்கும். நீயே பார்.”

அகராதியை வாங்கிப் பார்த்தேன். ஒன்றாகச் சேர்த்தல். அதற்குத் தமிழில் ஆறு சொற்கள் எழுதினேன்: சேர், கூட்டு, தொகு, இணை, திரட்டு, கட்டு. பக்கத்து மேசை மலாய்க் கிராணி எட்டிப் பார்த்துவிட்டு, “கும்புல் லா!” என்று மலாயில் ஒரே வார்த்தையில் முடித்துக் காப்பி குடிக்கப் போய்விட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. படித்தவள் எழுதியது படித்தவள் எழுதியதுபோல இருக்க வேண்டாமா? ‘குடும்பத் தலைவர்கள் அரிசி அட்டையுடன் வருக. குடும்பங்கள் தொகுக்கப்படும். வராதவர் அட்டை ரத்து’ என்று எழுதினேன். அந்த முற்பகல் முழுவதும் அதற்கே போயிற்று.

2. காதர் மாமா கடை

அறிவிப்பை எங்கள் லோரோங் சந்தின் முனையில் இருக்கும் காதர் மாமாவின் மளிகைக் கடைச் சுவரில் நானே ஒட்டினேன். கூட்டம் கூடிவிட்டது.

“தொகுக்குறதுன்னா என்னம்மா? தோலை உரிக்கிறதா?” என்றார் மாட்டுவண்டி மாடசாமி.

“அது நல்ல தமிழ், மாமா.”

“நல்ல தமிழ் நமக்கெதுக்கு? இங்கிலீசுல என்ன போட்டிருக்கான், அதைச் சொல்லு.”

உச்சரிப்புக் கெடாமல் சொன்னேன்: “கொலிகேட்.”

 மாடசாமி மெல்லக் கேட்டார். “கொல்லி கேட்டா? கேட்டு வச்சுக் கொல்லப் போறானா?”

நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. பொறுமையாக ஆறு சொற்களையும் சொல்லி விளக்கினேன்.

“கட்டுறதும் அதுல இருக்காம்மா?” என்றார் காதர் மாமா. “அப்ப நான் வரல்லே. அரிசி போனாப் போகுது, மரவள்ளி தின்னுக்கிறேன்.”

பொழுது சாய்வதற்குள் ‘கொல்லி கேட்டு’ என்ற பேச்சு உஜோங் பாசிர் கிராமம் வரைக்கும் போய்விட்டது. ஆண்கள் துணிமூட்டையுடன் குருபோங் பக்கத்து ரப்பர்க் காட்டுக்குக் கிளம்பினார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் என் அண்ணன் முத்துவும் வாசலில் வந்து நின்றான்.

“எல்லாரும் போறாங்க, கமலா. நான் போகவா, இருக்கவா?”

“அட்டையெல்லாம் சேர்த்துக் கட்டுவாங்கண்ணே, அவ்வளவுதான். படிக்காத சனங்க பேச்சையா கேக்குற? நீயே ஓடிட்டா என்னை யாரு மதிப்பா?”

“சரி. நீ படிச்சவ. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்.”

3. மைதானம்

திங்கட்கிழமை ஏழு பேர் வந்தார்கள். ஏழு பேரும் என் படிப்பை நம்பியவர்கள். அட்டைகளை வாங்கி அடுக்கி, சணல் கயிற்றால் நானே கட்டினேன். என் அகராதி பொய் சொல்லவில்லை.

பிறகு சிப்பாய்கள் அந்த ஏழு பேரையும் மரம் விற்கும் அந்த மரவாடிக்குப் பின்னால் நின்ற லாரியை நோக்கித் தள்ளினார்கள். சயாம் ரயில் பாதைக்கு ஆள் வேண்டுமாம். பின்னால் இன்னொரு லாரி காலியாக நின்றது. ஏழே பேர்தானா என்று துரை “பக்கேரோ!” என்று ஜப்பான் மொழியில் திட்டி, பெரிய கிராணியின் கன்னத்தில் அறைந்தார்.

லாரியிலிருந்து அண்ணன் கூப்பிட்டான். “தங்கச்சி! இது அந்த ஆறுல எந்த வார்த்தை?”

எனக்குத் தெரியும். திரட்டு. ஆனால் துரை போகும்வரை தலை குனிந்துதான் நிற்க வேண்டும். லாரி போன பிறகும் குனிந்தே நின்றேன்.

4. பாராட்டு

ஓடியவர்கள் நாலைந்து நாளில் திரும்பினார்கள். ரத்தான அட்டைகளுக்குப் பதில் புது அட்டை எழுதியவளும் நான்தான். காதர் மாமா ஒரு பொட்டலம் சீனியை என் கையில் திணித்தார்.

“வெளிப்படையாச் சொன்னா உன்னைப் பிடிப்பான்னுதானே இங்கிலீசுல சொன்னே? படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்!”

முதல் தடவை நான் மறுக்கவில்லை. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். மறுத்தபோது யாரும் நம்பவில்லை.

சண்டை முடிந்து மூன்று பேர் திரும்பி வந்தார்கள். அண்ணனும் வந்தான், ஒரு கால் மடங்காமல். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேட்டான்.

“அன்னைக்கு அந்தக் காயிதத்தோட வேற எதும் வரலையா?”

“வந்துச்சுண்ணே. லாரிக்குப் பெட்ரோல் கேட்டு ஒண்ணு.”

அந்தக் காலத்தில் பெட்ரோல் எவ்வளவு அரிது என்பது துறைமுகத்தில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும். அட்டை கட்ட லாரி எதற்கு என்று அவன் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே வேறு கேட்டான்.

“அதுல கஷ்டமான வார்த்தை ஏதும் இருந்துச்சா?”

“இல்லண்ணே. எல்லாம் தெரிஞ்ச வார்த்தைதான்.”

தெரியாத சொல் வந்தால் அகராதியைப் பாருங்கள். எல்லாம் தெரிந்த சொல்லாக வந்தால், இன்னொரு முறை படியுங்கள்.