ஆடிக் காற்றும் ஐப்பசி மேகமும்

திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. மேட்டூரில் அணை கட்டி முடிப்பதற்குச் சில வருஷங்கள் முந்திய காலம். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஜட்காவில் காவிரிப் பாலத்தைக் கடந்து போவேன். ஏழாம் வகுப்புக்குப் பூகோளம் என் பொறுப்பு. பயிற்சிப் பள்ளியில் படித்ததை அப்படியே ஒப்பிக்கத் தெரிந்திருந்தது. அது போதும் என்று நினைத்திருந்தேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் பருவக்காற்றுப் பாடம். தென்மேற்குக் காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வந்து நாடெங்கும் மழை பொழியும் என்று புத்தகத்தில் இருந்ததைப் படித்தேன். ஜன்னல் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. மேஜை மேல் புழுதி படிந்திருந்தது. இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். தோல் வியாபாரி ஒருவரின் மகள். அந்த வகுப்பில் இருந்த ஒரே முஸ்லிம் பெண்.

"டீச்சர், தென்மேற்குக் காத்துன்னா இப்ப அடிக்குதே, இதுதானே?"

"ஆமாம்."

"மழையைக் கொண்டு வரும்னு போட்டிருக்கு. எங்க தெருவுக்கு மண்ணைத்தானே கொண்டு வருது?"

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். "நாளைக்குச் சொல்றேன், உக்காரு" என்றேன்.

அன்று மாலை பாலத்தின் மேல் ஜட்கா மெதுவாகத்தான் போயிற்று. எதிரே மாட்டு வண்டிகள் நெருக்கிக்கொண்டு வந்தன. கீழே புதுவெள்ளம். செம்மண் நிறத்தில், நுரையும் மரக்கிளைகளுமாகக் கரைக்குக் கரை ஓடியது. மேலே அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஒரு பொட்டு கறுப்பு இல்லை. மேற்கேயிருந்து வந்த காற்று வறண்டு போய், முகத்தில் மணலை வாரி அடித்தது. இந்தக் காற்றும் இந்தத் தண்ணீரும் ஒரே திசையிலிருந்துதானே வருகின்றன என்று சட்டென்று தோன்றியது. எத்தனையோ ஆடிகள் அதே பாலத்தில் போயிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

மறுநாள் சமையல்கட்டிலிருந்து ஒரு பித்தளைத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். பள்ளி ஆயாவிடம் கெட்டிலில் வெந்நீர் கொதிக்கவைக்கச் சொல்லி, ஆவிக்கு நேரே தட்டைச் சாய்த்துப் பிடித்தேன். தட்டின் ஒரு பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துச் சொட்டியது.

"இந்தத் தட்டுதான் மேற்கே இருக்கிற மலை. கடல் காத்து மலையிலே மோதி மேலே ஏறும். மேலே போகப் போகக் குளிரும். குளிர்ந்தா அதிலே இருக்கிற ஈரம் மேகமாகி, மழையா அந்தப் பக்கமே கொட்டிடும். மலையைத் தாண்டி இறங்குற காத்து வறண்டு போயிருக்கும். அதுதான் நம்ம ஊர்ல புழுதியைக் கிளப்புது."

அந்தப் பெண் தட்டின் மறுபக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஈரமில்லை.

"அப்ப அந்த மழைதான் ஆத்துல வருதா டீச்சர்?"

நான் சொல்ல வைத்திருந்ததை அவளே சொல்லிவிட்டாள். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் அதற்கு முன் அந்த வேலையில் வந்ததில்லை.

அதற்குப் பிறகு பூகோள வகுப்பு பாதி நேரம் மொட்டை மாடியில்தான் நடந்தது. ஒரு மூங்கில் கழியில் பழைய புடவைத் துணியைக் கிழித்துக் கட்டினோம். அங்கிருந்து வடக்கே மலைக்கோட்டை தெரியும். அதை வைத்துத் திசை சொல்லப் பழகினார்கள். ஆடி முழுவதும் துணி கிழக்குப் பார்த்தே பறந்தது. புரட்டாசியில் பல நாள் அசையாமல் தொங்கியது. வெயில் ஏறிய மத்தியானங்களில் வெள்ளை மேகங்கள் காலிஃபிளவர் மாதிரி குவிந்து எழும். சில நாள் சாயங்காலம் இடி இடித்துக் கொஞ்சம் பெய்து ஓயும். ஐப்பசி பிறந்து சில நாளில் அந்தப் பெண் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். "டீச்சர், திரும்பிடுச்சு!" துணி தென்மேற்கே பறந்துகொண்டிருந்தது. காற்று இப்போது வடகிழக்கிலிருந்து, வங்காளக் கடல் பக்கமிருந்து வந்தது.

அந்த வாரம் பெற்றோர் கூட்டம். முற்றத்தில் பந்தல் போட்டு நாற்காலிகளும் பெஞ்சுகளும் போட்டாயிற்று. காலையில் வானத்தின் உச்சியில் இறகு மாதிரி மேகம் இருந்தது. அது மெல்லப் பரவி வெள்ளைத் துணி விரித்தாற்போல் ஆயிற்று. அப்படிப் பரவினால் மழை நெருங்குகிறது என்று வகுப்பில் சொல்லியிருந்தேன். என் வகுப்புப் பெண்கள் நேரே தலைமையாசிரியையிடம் போய், மழை வரும் என்று சொல்லிவிட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டார். கண்டிப்பான கிறிஸ்தவ அம்மையார். அவர் எதிரில் எனக்குக் குரலே எழும்பாது.

"நிச்சயமா வருமா?"

"நிச்சயம்னு சொல்ல முடியாதுங்க. வரும்னுதான் எனக்கும் தோணுது."

யோசித்தார். பிறகு எல்லாவற்றையும் உள்ளே ஹாலுக்கு மாற்றச் சொன்னார்.

ஒரு சொட்டு விழவில்லை. போதாததற்கு நாலு மணிக்கு வெயில் வேறு அடித்தது. ஹாலில் புழுக்கம் தாங்காமல் வந்தவர்கள் விசிறிக்கொண்டே இருந்தார்கள். தலைமையாசிரியை என்னைப் பார்த்த பார்வையில் நான் தூணோடு தூணாக நின்றேன். அப்போது தோல் வியாபாரி எழுந்தார். மகளை இந்த வருஷத்தோடு பள்ளியிலிருந்து நிறுத்தப்போவதாகச் சொல்லத்தான் அவர் வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் எங்கள் அக்ரஹாரத்திலும் அந்த வயதுப் பெண்ணை நிறுத்திவிடுவதுதான் வழக்கம்.

"எங்கேம்மா உன் மழை?" என்று மகளைக் கேட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"காத்து திரும்பிடுச்சு, அத்தா. மேகம் மேலேயிருந்து கீழே இறங்கிக்கிட்டே வருது. எந்நேரம் பெய்யும்னு எங்களால சொல்ல முடியல. ஆனா வந்துக்கிட்டிருக்கு. காயப் போட்ட தோலை எடுத்து வச்சிருங்க."

கடைசி வாக்கியத்துக்கு இன்னும் பெரிய சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் முடிந்ததும் மகளை அழைத்துக்கொண்டு வண்டி ஏறினார்.

மறுநாள் விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஸ்ரீரங்கத்தில் வீதியெல்லாம் தண்ணீர். ஜட்கா கிடைத்துப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் முழங்கால்வரை நனைந்துவிட்டேன். வகுப்பில் பாதிப் பேர் இல்லை. வாசலில் ஒரு கூண்டு வண்டி வந்து நின்றது. அவளை இறக்கிவிட்டு அவள் தகப்பனாரும் குடையோடு இறங்கினார்.

"டீச்சரம்மா, நானும் தினம் மேகத்தைப் பாக்குறவன்தான். தோல் காயணுமே. கறுத்தா எடுத்து வைப்பேன், அவ்வளவுதான். அது ஏன் வருதுன்னு கேக்கணும்னு தோணினதில்லை." குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "நேத்து அத்தனை பேரு சிரிச்சாங்க. இவ அழல பாருங்க. தெரிஞ்சதைத் தெரியும்னு சொல்லிட்டா, தெரியாததைத் தெரியலைன்னு சொல்லிட்டா. படிக்கட்டும்."

"எதுவரைக்குமுங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அவ போதும்னு சொல்ற வரைக்கும்."

தலைமையாசிரியை வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வியாபாரி போன பிறகு என்னிடம் வந்து, "ஒருநாள் பிசகினா பரவாயில்லை. பொண்ணுங்க தினமும் பாக்கட்டும்" என்றார். அவர் என்னைப் பாராட்டியது என்றால் அதுதான்.

அந்தப் பெண் பள்ளியிறுதி வரை படித்தாள். அந்த மழைக்கு அடுத்து வந்த ஆனியில் பள்ளி திறந்தபோது அதே கூண்டு வண்டியில் அவள் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் வந்து இறங்கினார்கள்.