உள்ளுக்கை ஆள் இருக்கு

“...நீங்கள் வெட்டேக்கை அவன் கம்பியை இறுக்கிப் பிடிச்சவன், அத்தான். என்ரை ரெண்டு கண்ணாலையும் கண்டனான்.”

இதைச் சொன்னவன் என் மனைவியின் தம்பி யூட். கார்ப் போட்டி முடிந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, வியர்வை கண்ணுக்குள் இறங்க இறங்க நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்ற நேரத்தில் சொன்னான். சொல்லிவிட்டு அவன் செய்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலே சொன்னால் நீங்கள் எழும்பிப் போய்விடுவீர்கள்.

எனக்குப் பேய், பிசாசு, கண்ணூறு ஒன்றிலும் நம்பிக்கை இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அஜின்கோர்ட்டில் ஒரு கராஜில் பிரேக் வேலை செய்கிறவன் நான். பிரேக் பிடிக்காவிட்டால் எண்ணெயைப் பார்ப்பேன், ரயருக்குக் கீழே நசிக்கிற தேசிக்காயைப் பார்க்கமாட்டேன். கோடையில் சனிக்கிழமைகளில் ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கிற ஒரு குட்டி வட்டப் பாதையில் ஸ்ரொக் கார் ஓடுவேன். எல்லாரும் இடப்பக்கமே திரும்பித் திரும்பிச் சுற்றுகிற போட்டி. செக்கு மாடு என்று மனைவி சொல்லுவாள். அவள் சொல்லுகிறதிலும் பிழையில்லை, நான் ஒருமுறைகூட வென்றதில்லை. “இந்த வருசக் கடைசிப் போட்டியோடை சரி. வெல்லாட்டில் காரை வித்துப்போடுங்கோ” என்று அவள் சொல்லியிருந்தாள், நானும் ஓம் என்று தலையாட்டிவிட்டேன். சொன்ன சொல் சொன்னதுதான்.

இந்தக் காருக்குள் சாரதியின் தலை அசையாதபடி ஆசனத்தோடு இறுக்கிக் கட்டியிருக்கும். பக்கத்தில் யார் வருகிறான் என்று திரும்பிப் பார்க்க முடியாது. அதனால் பாதைக்கு வெளியே உயரமான மேடையில் ஒருவர் நின்று, ரேடியோவில் காதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படி ஆள் இல்லாதவனை ஓட விடமாட்டார்கள். எனக்கு அது யூட். மற்றவர்களுக்கு விளங்கக்கூடாது என்று நாங்கள் தமிழில்தான் பேசுவோம். என் இடப்பக்கம், அதாவது வட்டத்தின் உள்பக்கம், ஒரு கார் நுழைந்தால் “உள்ளுக்கை ஆள் இருக்கு” என்பான். போய்விட்டால் “ஆளில்லை.” எங்களுக்குக் கார் என்றாலே ஆள்தான்.

கடைசிப் போட்டிக்கு முந்தின புதன்கிழமை. நல்ல வெயில், பட்டப்பகல். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், அங்கே இருள்கிறதுக்கு ஒரு முகில்கூட இல்லை. நான் தனியே பயிற்சி ஓடிக்கொண்டிருந்தேன். பாதையில் வேறு கார் கிடையாது. ஒரு வளைவால் வெளியே வரும்போது காதுக்குள் யூட்டின் குரல்: “உள்ளுக்கை ஆள் இருக்கு.” பகிடி விடுகிறான் என்று நினைத்தேன். அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே பேச்சு. காரை நிறுத்திவிட்டு மேடைக்குக் கீழே போய்க் கத்தினேன்.

“டேய், ஆரின்ரை காரடா? பாதையிலை என்னைத் தவிர ஆர் ஓடினது?”

“கார் எண்டு நான் சொல்லேல்லை, அத்தான். ஆள். உங்கடை காருக்குள்ளை, உங்களுக்கு வலப்பக்கம்.”

“விசரா, அங்கை சீற்றே இல்லை. வெறுந் தகரமும் கூட்டுக் கம்பியும்தான்.”

“அதுதான் எனக்கும் விளங்கேல்லை. சீற் இல்லாமல் இருக்கிறான்.”

முகத்தைப் பார்த்தேன். பகிடி விடுகிற முகம் இல்லை.

அன்று பின்னேரம் கராஜில், போட்டிக்கு முன் வழக்கமாகச் செய்கிறதுபோல, நாலு சில்லுக்கும் கீழே தராசு வைத்துக் காரின் பாரத்தை நிறுத்தேன். நம்பினால் நம்புங்கள், வலப்பக்கம் ஒரு மனிசப் பாரம் கூடிக் கிடந்தது. தராசைக் கழற்றிப் பூட்டி மறுபடி நிறுத்தேன். அதே பாரம். கராஜ் முதலாளி சிவம் அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, “நீ சேர்ச்சுக்குப் போற வேதக்காரன் எண்டாலும் பரவாயில்லை. றிச்மண்ட் ஹில் பிள்ளையாருக்கு ஒரு அர்ச்சனையைச் செய்துபோட்டு, ரயருக்குக் கீழை இதை வைச்சு நசி” என்று ஒரு தேசிக்காயை நீட்டினார். நான் அதைப் பிளேன்ரீக்குள் பிழிந்து அவருக்கு முன்னாலேயே குடித்தேன்.

“அண்ணை, இருக்கிறவன் இருக்கட்டும். அவன்ரை பாரத்துக்கு நான், காரைச் சமன் பண்ணப் பூட்டியிருக்கிற ஈயக்கட்டியை இடப்பக்கம் மாத்திறன். என்ரை காரை நான்தான் ஓட்டுவன்.”

சொன்னபடி மாற்றிப் பூட்டினேன். பேயோடு பேசப் போகிறவர்கள் மந்திரத்தோடு போவார்கள், நான் நட்டுக் கழற்றுகிற சாவிக்கட்டோடு போனேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

யூட்தான் பிரச்சினை. வரமாட்டேன் என்று டோர்செட் பார்க் பகுதியில் தன் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தான். அவன் வராவிட்டால் ஓட்டம் இல்லை, ஓட்டம் இல்லாவிட்டால் கார் இல்லை. கதவுக்கு வெளியே நின்று, “நனைஞ்சாச்சு, இனி முக்காடு என்னத்துக்கு? வாடா” என்றேன். கடைசியில் திறந்தான். “வாறன். ஆனால் கண்டதைத்தான் சொல்லுவன்” என்றான்.

சனிக்கிழமை கார் என்ன மாதிரி ஓடியது என்று கேளுங்கள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வளைவுகளில் இறங்கியது. முடியப் போகிற நேரம் நான் இரண்டாவது. முன்னால் போனவன் வளைவில் கொஞ்சம் வெளியே வழுக்கினான், உள்ளே வழி திறந்தது. நான் வெட்டப்போக, காதுக்குள்: “உள்ளுக்கை ஆள் இருக்கு!”

காரென்றால், வெட்டினால் மோதுவேன், எல்லாம் முடிந்தது. என் காருக்குள் இருக்கிற அவன் என்றால், வெட்டாவிட்டால் எல்லாம் முடிந்தது.

“காரோ ஆளோ? கெதியாச் சொல்லடா!”

“ஆள்தான், அத்தான்!”

பாருங்கள் நிலைமையை. எங்கள் பேச்சில் காரும் ஆள்தானே! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “ஆளெண்டால் இறுக்கிப் பிடிக்கச் சொல்லு!” என்று கத்திக்கொண்டு உள்ளே வெட்டினேன்.

ஒன்றும் முட்டவில்லை. உள்ளே கார் இருக்கவில்லை. நான் வென்றேன்.

கார் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போட்டிக்கு அடுத்த நாளே தராசில் ஏற்றினேன். மாற்றிய ஈயத்தின் அளவுக்கு இடப்பக்கம் கூடக் காட்டியது, வலப்பக்கம் வெறுந் தகரத்தின் பாரம்தான். அப்படிப் பாரம் சமன் கெட்ட காரால் அந்த வளைவுகளை அப்படி எடுக்க முடியாது. இது என் தொழில், எனக்குத் தெரியும். அதற்காக நான் நம்பிவிட்டேன் என்று நினைக்காதீர்கள்.

ஆனால் யூட். ‘கம்பியை இறுக்கிப் பிடிச்சவன்’ என்று சொன்னானே, சொல்லிவிட்டு, எனக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலைத் தந்தான். இன்னொன்றை மூடி திறந்து எடுத்துக்கொண்டு காரின் வலப்பக்கம் போனான். கண்ணாடியில்லாத அந்த ஜன்னலுக்குள் கையை நீட்டி, குடிக்கிறவரின் வாய்க்கு எட்டுகிற உயரத்தில் போத்தலைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு கையை எடுத்து, ஜன்னலுக்குள்ளே பார்த்து, “போதுமோ?” என்று கேட்டுவிட்டு, மூடியைத் திருகினான்.